எழுபத்திரண்டு புள்ளி நாலு

திரை கறுத்துப்போனதும் அதில் சவரியம்மாளுக்கு முதலில் தெரிந்தது தன் முகம்தான். மூக்குக்கண்ணாடியும் ஏறின நெற்றியுமாக ஐம்பத்தேழு வயது முகம், அதற்குப் பின்னால் நான்கு ஆம்பளைகளின் பெல்ட்டு, நடுவில் இஞ்சினியர் நிஷாந்தின் கை, கையில் செல்போன், செல்போனில் விநாடிகள் ஓட ஆரம்பித்திருந்தன. "கட் பண்ணிப் போட்டாச்சு சார், டைம் ஸ்டார்ட்" என்றான். காலை பத்து இருபது. கீழே கூடத்தில் பால் பம்புகள் ஒவ்வொன்றாக அடங்குகிற சத்தம் கேட்டது, ஏ.சி. நின்று அதன் தண்ணீர் மட்டும் வாளியில் சொட்டியது. வேறு ஒன்றும் நடந்துவிடவில்லை. வேண்டுமென்றே கரண்டை நிறுத்தி மறுபடி போட்டிருக்கிறார்கள், படுத்த கம்ப்யூட்டர் எத்தனை விநாடியில் எழுந்து உட்காருகிறது என்று பார்க்க. வத்தலக்குண்டு ரோட்டில் தினம் ஒரு தடவையாவது கரண்டு போகும், கோடையில் ரெண்டு, போகிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பால் பண்ணையின் கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்கப் பதினோரு நிமிஷம் பிடிக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள் எழுப்பிக் காட்டுகிறேன் என்று மூன்று வாரமாக அவன் இங்கே உட்கார்ந்திருந்தான். எழுப்பிவிட்டால் அவனுக்குக் கைதட்டு. இவளுக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று. திரை வந்ததும் பாலின் சூட்டைப் பார்த்து, எழுபத்திரண்டு டிகிரி இருந்தால் 'முன்னே' என்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பால் டேங்குக்குப் போகும், டேங்கிலிருந்து பாக்கெட்டுக்கு, பாக்கெட்டிலிருந்து நாளைக்குப் பதினோரு மணிக்கு மணியடிக்கும்போது சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்க்கு, குழல் போட்டு, காய்ச்சாமல், அப்படியே. சூடு குறைந்திருந்தால் கிருமி சாகாது, அமுக்கக் கூடாது, பால் மறுபடி சூடேறப் பச்சைப்பால் தொட்டிக்கே திரும்பிவிட வேண்டும். பதினாலு வருஷத்தில் இந்த நாற்காலியில் அவள் ஒரு தடவை தப்பாக அமுக்கினதில்லை. மனசுக்குள் மாதாவின் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினாள். பாதி வரவில்லை, நாசமாய்ப் போவான், என்றது மனசு.

யாரைச் சொன்னாய் சவரி, என்று தானே திடுக்கிட்டுக்கொண்டாள். நெற்றியில் சிலுவை போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை, பின்னால் நிற்கிறார்கள். வாய் சொல்லவில்லை, மனசுதான் சொன்னது, மனசு சொன்னால் யார் சொன்னதாம். பக்கத்து இரும்பு அலமாரிக்குள் சர்வர் ஊத ஆரம்பித்தது. அதுதான் முதலில் எழும். அதற்குள் ஓடுவது யூனிக்ஸ் என்பார்கள், அவளுக்கு அது பெயர் மட்டும். அவளைப் பொறுத்தவரை அது வீட்டுக்கு மூத்தது, அது எழுந்தால்தான் மற்றதுகள். மற்றதுகள் என்றால் கீழே கூடத்துச் சுவரில் ஆறு சின்னப் பெட்டிகள், பம்புக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று, சூட்டைப் பார்க்க ஒன்று, இப்படி. இந்த நொடி செய்ய வேண்டியதை அடுத்த நொடிக்குத் தள்ளாத பெட்டிகள், ரியல் டைம் என்று அதற்குப் பெயர். அத்தனை சூட்டிகை இருந்தும் கரண்டு போனால் எல்லாம் மறந்துவிடும். வந்ததும் வெறும் தலையோடு எழுந்து, ஒயர் வழியாக மூத்ததைக் கூப்பிட்டு, நான் யார், என் வேலை என்ன, என்று கேட்கும். மூத்தது ஒவ்வொன்றுக்காய்ச் சொல்லிக் கொடுக்கும். ஆறும் வந்துவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகுதான் மேலே திரை வெளிச்சமாகும். அப்படித்தான் பதினோரு நிமிஷமும் போனது, அதில் நாலு நிமிஷம் ஏழாவது பெட்டிக்காக என்று இவன் வந்துதான் கண்டுபிடித்தான். வெண்ணெய்ப் பிரிவை மூடி ஆறு வருஷம், அங்கிருந்த பெட்டியைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று, சர்வரின் பட்டியலில் மட்டும் அதன் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மூத்தது அதைக் கூப்பிட்டு, பதில் வராமல், பொறுத்துப் பார்த்து, மறுபடி கூப்பிட்டு. அதைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான், இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மேனேஜர் தனபாலன் ரூமில் எல்லாரையும் நிற்க வைத்து அவன் சொன்னான், "இல்லாத ஆளுக்காக ஆறு வருஷம் வெயிட் பண்ணிருக்கீங்க சார். இந்த ஆன்ட்டியை மட்டும் எடுத்துக்கிட்டா, ராத்திரி பகலா முழுசா ஏழு நாள் சும்மா உக்காந்திருக்காங்க. ஏன் ஆன்ட்டி, ஒரு நாளாச்சும் ஏன் இவ்வளவு லேட்டாகுதுன்னு தோணலையா உங்களுக்கு?" எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அதுதான் இன்னும் பொறுக்கவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தது. "இருபது செகண்ட்" என்றான் நிஷாந்த்.

ஏழு நாள். சும்மா. சும்மாவா உட்கார்ந்திருந்தாள்? திரை கறுத்ததும் அலமாரி பல்லைக் கடித்துக்கொண்டு ஊத ஆரம்பிக்கும், அவள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டுவாள், சத்தமில்லாமல், விரலாலேயே. பிறகு எழுந்து இருபத்திரண்டு இரும்புப் படி இறங்குவாள். பால் சூடாகி வெளியே வருகிற குழாயில் வட்டமாக ஒரு பழைய சூடுமானி, முள் வைத்தது, கரண்டும் வேண்டாம் கம்ப்யூட்டரும் வேண்டாம். முள் நிற்கிற இடத்தைப் பார்ப்பாள், குழாயில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பம்படியில் நிற்கிற முத்திருளாண்டி கத்துவான், "என்னக்கா, மாடியில பூசை முடிஞ்சிருச்சா?" "உனக்கும் சேத்துத்தான்டா வேண்டிக்கிட்டேன், ஒழுங்கா பம்பு வாசரைப் பாரு." ஏறி வருவதற்கும் திரை வெளிச்சமாவதற்கும் சரியாக இருக்கும். யாரும் சொல்லிச் செய்ததில்லை, எந்த ரிஜிஸ்டரிலும் அப்படி ஒரு வேலை கிடையாது, அதனால்தான் அன்றைக்கு அந்த ரூமில் சொல்ல வாய் வரவில்லை. வேகமாகப் பேசுகிறவர்களுக்கு முன்னால் அவளுக்கு நாக்கு முன்னாலேயே மடங்கிப்போகும், எதிரே நிற்பது வாத்தியார் ஆனாலும் சரி, கலெக்டர் ஆபீஸ் பியூன் ஆனாலும் சரி. "இனிமே இறங்கவே வேண்டாம் ஆன்ட்டி. நீங்க இறங்கி ஏறுறதுக்குள்ள சிஸ்டம் ரெண்டு தடவ எழுந்துரும்" என்றிருந்தான் நிஷாந்த். முழங்காலுக்கு நல்லதுதான், நன்றி சொல்ல வேண்டும், சொல்லத்தான் நினைத்தாள். இப்போது அவன் அவள் நாற்காலியின் முதுகில் கையை ஊன்றியிருந்தான், நாற்காலி அவன் மூச்சுக்கு மூச்சு அசைந்தது. கழுத்தில் தொங்குகிற அட்டை அவள் தோளில் இடித்து இடித்து விலகியது. சென்ட்டு வாசனை, வாயில் எப்போதும் மெல்லுகிற அந்த ஏதோ ஒன்று, செருப்பு கழற்றாமல் உள்ளே வருகிற பழக்கம். நின்றுபோகட்டும். பாதியில் வெள்ளை எழுத்து வந்து அப்படியே உறைந்து நிற்கட்டும். தலைமை ஆபீஸிலிருந்து வந்திருக்கிற அந்த சஃபாரிக்காரருக்கு முன்னால் இவன் வாய் உலரட்டும், எச்சில் கூட்டி விழுங்கட்டும், சும்மா நிற்பது எப்படி என்று ஒரு ஏழு நிமிஷமாவது தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்கின நாக்கு இது, அதில் இதெல்லாம் எப்படி ஊறுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகளைக்கூட ஏசாமல் வளர்த்தவள் என்று தெருவில் பெயர். "நாப்பது" என்றான் அவன்.

நாப்பது. மகன் அமல்ராஜும் இப்படித்தான், வாய்விட்டு எண்ண மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான். "சொல்லும்மா. ம். ம். அப்புறம்? விஷயத்துக்கு வாம்மா." போன மாசம் அவள் தங்கைக்குக் கர்ப்பப்பை எடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் நத்தத்துக்காரி ஒருத்தி இருந்தது, அவள் கொடுத்த எலுமிச்சங்காய், அந்த இடத்தில் அவன், "சித்தி நல்லாயிருக்காங்கல்ல? அதைச் சொல்லு போதும்" என்றான். அதிலிருந்து சனிக்கிழமையே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, எதை விடலாம் எதை விடலாம் என்று கழித்து, ரெண்டு நிமிஷத்துக்குள் அடங்குகிற மாதிரி வைத்துக்கொள்வாள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைவு. மகள் ரெஜினா பிள்ளைக்குப் பல் முளைத்தது. வச்சுடறேம்மா. வைத்துவிடுவான். எதை வெட்டினேன், வெட்டினதில் எது போனது என்று அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் மறந்துபோகும். அவன்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது, பெற்ற பிள்ளைமேல் என்ன கோபம். பிறகு இந்த நெஞ்சுக்குள் கொதிக்கிறது யாருடையது? மாறி மாறி ரெண்டு முகமும் வந்தது, ஒரே வயசு, ஒரே மாதிரித் தாடி, ஒரே மாதிரி அடுத்த வார்த்தையை நம் வாயிலிருந்து பிடுங்குகிற கண். சேசுவே, என்று ஓரமாக ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தாள். ஒதுங்கின இடத்தில் பயம் உட்கார்ந்திருந்தது. முந்தாநாள் தனபாலன் சிரித்துக்கொண்டே சொன்னார், "எல்லாம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிட்டா மாடிக்குன்னு தனியா ஆள் எதுக்கு சவரி? பாக்கெட் செக்சன்ல பொம்பளையாள் பத்தலை." பாக்கெட் செக்சன் என்றால் எட்டு மணி நேரம் நின்றபடி, குளிர் அறைக் கதவு ஓயாமல் திறந்து மூடும், ஈரத் தரை, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் தாங்காது. படித்த பத்தாங் கிளாஸுக்குக் கிடைத்த ஒரே உட்காருகிற வேலை இது. அதையும் பிடுங்கிக்கொண்டு, கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு. "ஒரு நிமிஷம் பத்து. ஆன் டிராக் சார்" என்றான், இவளிடம் இல்லை, சஃபாரிக்காரரிடம்.

அப்போதுதான், நினைவுக்கு வர வேண்டாம் என்று அவள் ஒரு வாரமாகத் தள்ளி வைத்திருந்தது வந்தது. ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. அவனே கேன்டீனுக்குப் போய் ரெண்டு டீ வாங்கி வந்தான், ஒன்றை அவள் முன்னால் வைத்தான். சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லியிருந்தான், எப்படித் தெரிந்துகொண்டானோ. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நல்ல குரலில்தான் கேட்டான், "ஆன்ட்டி, ஆறு பெட்டியும் வந்தப்புறம்தான் ஸ்கிரீன் வரணும்னு வச்சிருக்காங்களே, அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கா, இல்ல அந்த ஏழாவது பெட்டி மாதிரி சும்மா விட்டுட்டாங்களா?" அவளுக்குத் தெரியும். முதல்முதலில் இதையெல்லாம் பூட்டிக்கொடுத்த நமச்சிவாயம் சார் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார், எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் திரை கண்ணைத் தொறக்கக் கூடாதும்மா, தொறந்தா பழைய நம்பரைப் புதுசுன்னு காட்டும், சூட்டுப் பெட்டிதான் இருக்கறதுலேயே கெழடு, அது கடைசியாத்தான் வரும், என்று. வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஏழு நாள் சும்மா என்று அவன் சொல்லி அன்றைக்கு நாலாவது நாள். "எனக்கென்ன தம்பி தெரியும், நீங்கதான் படிச்சவங்க" என்றாள். நம்பிவிட்டான். அவன் நம்பினதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம், இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அத்தனை லேசாக நம்பினது. டீயைக் குடித்துக்கொண்டே தனக்குத்தானே பேசினான், "அப்ப ஸ்கிரீன் மொதல்ல வந்துரட்டும், பெட்டிங்க பின்னால ஒண்ணொண்ணா வந்து சேந்துக்கட்டும். அதுவரைக்கும் கடைசியா இருந்த நம்பரைக் காட்டிக்கலாம், காலியா இருந்தா பார்க்க நல்லா இருக்காது." டம்ளரைக் கழுவிக்கொண்டே அவள் அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கழுவினாள். சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் போனாள். பொறுமையில்லாமல் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசினேன் சாமி, ஒரு நாள் ஜெபத்தை விட்டேன் சாமி. இதை எப்படிச் சொல்வது? ஒரு பெட்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன் சாமி, என்றால் பங்குச்சாமியாருக்கு என்ன விளங்கும், சிரிப்புத்தான் வரும். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லக் கட்டளை கொடுத்து அனுப்பினார். சொல்லி முடித்துவிட்டுத்தான் கோயிலை விட்டு வந்தாள். "ஒண்ணு நாப்பத்தெட்டு!" என்று நிஷாந்த் கத்தினான். திரை வெளிச்சமானது.

கைதட்டினார்கள். சஃபாரிக்காரர் அவன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார். சவரியம்மாள் எண்ணைப் பார்த்தாள். எழுபத்திரண்டு புள்ளி நாலு. பச்சை எழுத்தில், அழகாக, கீழே அவன் புதிதாக வைத்த மெல்லிய கோட்டோடு. எழுபத்திரண்டு புள்ளி நாலு. மறுபடி பார்த்தாள், எழுபத்திரண்டு புள்ளி நாலு. ஓடுகிற பாலின் சூடு அப்படி நிற்காது. புள்ளி மூணு என்னும், புள்ளி அஞ்சு என்னும், கைக்குழந்தையின் உச்சிக்குழி மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும், பதினாலு வருஷமாக அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டுதான் அவள் மத்தியானச் சோற்றைக்கூடத் தின்றிருக்கிறாள். இது கரண்டை நிறுத்துவதற்கு முன்னால் இருந்த எண். ரெண்டு நிமிஷமாக நீராவி இல்லாமல் குழாயில் நின்ற பால் இத்தனை சூடாக இருக்க வழியே இல்லை. வால்வுப் பெட்டி வந்துவிட்டது, பம்புப் பெட்டி வந்துவிட்டது, கிழடு இன்னும் எழவில்லை. கண்ணை மூடித் திறக்கிற நேரத்துக்குள் இத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்ன சவரி, எழுவத்திரண்டுக்கு மேலதான இருக்கு, அமுக்கு" என்றார் தனபாலன். நம்பர் அசையலை தம்பி. மூன்று வார்த்தை, சொல்லிவிட்டால் முடிந்தது. "ஆன்ட்டி, ப்ளீஸ், டைம் ஓடுது" என்றான் அவன், சிரித்துக்கொண்டே, மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி. அமுக்கினாள். கீழே வால்வு டொக்கென்று திரும்புகிற சத்தம் படி வழியாக ஏறி வந்தது. பம்பு இழுத்தது. பால் போகிறது. ஒன்று, என்று எண்ணினாள். ரெண்டு. எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை, விரல் பழகின பழக்கம், மணி உருளுகிற மாதிரி உருண்டது. எட்டில் பள்ளிக்கூடத்து வராந்தாவும் வாயில் குழலுமாக வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளும் வந்தார்கள், தள்ளினாள். பதினைந்தில், இருபதில் சொல்லிவிடலாம் என்றாள். இருபது போனது. அவன் செல்போனில் எண்ணைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு. தொண்டையைச் செருமினாள், ஒருவரும் திரும்பவில்லை, திரும்பாததற்கு இன்னும் ஒரு அஞ்சு எண்ணினாள். முப்பத்தெட்டில் எண் நடுங்கியது. எழுபத்திரண்டு புள்ளி நாலு இருந்த இடத்தில் அறுபத்தொன்று புள்ளி எட்டு. எச்சரிக்கை மணி ஒரே ஒரு தடவை 'ணிங்' என்றது, வால்வு தானே திரும்பிக்கொண்டது. கைகுலுக்கல் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நீராவி பிடித்து எண் ஏறியது. அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு புள்ளி ஒன்று, புள்ளி மூணு, புள்ளி ரெண்டு, இப்போது துடித்தது. வால்வு மறுபடி முன்னே திரும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது. கம்ப்யூட்டர் எழுதுகிற ஏட்டிலும் அந்த முப்பத்தெட்டு விநாடிக்கு எழுபத்திரண்டு புள்ளி நாலு என்றுதான் விழுந்திருக்கும், திரை காட்டினதைத்தான் ஏடும் எழுதும். இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேன்டீனிலிருந்து மைசூர்பாகு வந்தது, ஒரு துண்டு அவள் மேசையிலும் காகிதத்தில் வைத்தார்கள். எவ்வளவு போயிருக்கும், நூறு லிட்டர், கொஞ்சம் கூட. டேங்கில் எட்டாயிரம் லிட்டர் கிடக்கிறது, அதில் நூறு என்ன தெரியப்போகிறது. எட்டாயிரத்தில் கலந்தால் எட்டாயிரமும் அதுதான், பாலுக்கு உறை ஊற்றத் தெரிந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா. ஒன்றும் ஆகாது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரோட்டில் எதையெல்லாமோ வாங்கித் தின்கிறதுகள். ஆகாவிட்டால் இவன் ஜெயித்துப் போய்விடுவான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்.  ஆனால் அந்த எண் உறைந்து நிற்கிற கோளாறு கூடவே இருக்கும், ஒரு நாள் வெளியே வரும், நாளைக்கே வரலாம், வந்தால் இவனைத்தான் கேட்பார்கள். நாளைக்கே வரலாம் என்ற இடத்தில் மனசு சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான், அது எப்படி வெளியே வரும், என்று கேட்டுக்கொண்டாள். தானாக வராது. மூன்றாங் கிளாஸில் ஏதாவது ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்க வேண்டும். கழுநீர் மாதிரிப் போக வேண்டும். அதற்குத் தாய் என்று ஒருத்தி அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓட வேண்டும். இவன் முகம் சுருங்குவதற்கு அது நடந்தாக வேண்டும், அதைத்தான் அவள் இந்த நாலு நிமிஷமாக, ஒவ்வொரு மணியாக உருட்டி, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். யாரிடம் கேட்டாள் என்று நினைத்ததும் உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. மைசூர்பாகைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே கூடத்துக்குப் பேசுகிற போனை எடுத்தாள்.

"முத்திருளாண்டி, ரெண்டாம் டேங்கை மூடு. பாக்கெட்டுக்கு ஒரு சொட்டு போகக் கூடாது."

"என்னக்கா, மேல கைதட்டு கேக்குது, கீழ மூடச் சொல்ற? ஸ்வீட்டு வந்துச்சாமே, எனக்கு இல்லையா?"

"மொதல்ல மூடுடா."

தனபாலன் திரும்பினார். "ஏய் சவரி, யாரைக் கேட்டு மூடச் சொல்ற? பெரியவர் நிக்கிறாரு."

"சூட்டுப் பெட்டி அப்ப எந்திரிக்கலை சார்" என்றாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. "திரையில நின்னது கரண்டு போறதுக்கு முந்தின நம்பரு. முப்பத்தெட்டு செகண்டு வேகாத பால் டேங்குக்குப் போயிருக்கு."

"அதெல்லாம் வாய்ப்பே இல்ல ஆன்ட்டி" என்று நிஷாந்த் பாதிச் சிரிப்போடு வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி என்னவோ தட்டினான். எழுத்துகள் மளமளவென்று ஓடின. ஓரிடத்தில் நிறுத்தி, பெட்டிகள் ஒவ்வொன்றும் எழுந்த நேரத்தைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். சூட்டிகைதான், மற்ற மூன்று பேருக்கும் புரிவதற்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது, காது மடல் முதலில் வெளுத்தது. நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தான்.

"பொத்தானை அமுக்குனது நீங்கதானே?" என்றான்.

"நாந்தான்."

"சார், ஒரு நிமிஷம்" என்று தனபாலன் சஃபாரிக்காரர் பக்கம் குனிந்தார். "இவங்க பத்தாங் கிளாஸு. திரையில என்ன போட்டிருக்கோ அதைப் பாத்து அமுக்குறதுதான் இவங்க வேலை. உள்ள என்ன ஓடுது, ஏது ஓடுதுன்னு இவங்களுக்குத் தெரிய நியாயமே இல்லை. இன்ஸ்டால் பண்ணவங்கதான் பாத்திருக்கணும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். தலையை ஆட்டு, என்று அந்தப் பார்வை சொன்னது. நல்ல மனசோடு சொன்னதுதான். கதவு விரியத் திறந்து கிடந்தது, பதினாலு வருஷமாக ஆட்டின தலையை இன்னொரு தடவை ஆட்டினால் போதும், அவள் வெளியே, அவன் மட்டும் உள்ளே. அவன் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும் சார்" என்றாள்.  "நம்பரு அசையாம நிக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் அமுக்குனேன். ஆறு பெட்டியும் வர்ற வரைக்கும் திரை வரக் கூடாதுங்கறதும் எனக்குத் தெரியும். இந்தத் தம்பி வந்து கேட்டுச்சு. தெரியாதுன்னுட்டேன்."

நிஷாந்த் திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஏன்?" என்றான் நிஷாந்த். இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அவசரமில்லாமல் கேட்டான், பதில் வருகிறவரைக்கும் நின்றான்.

"உங்க மேல இருந்த ஆத்திரந்தான் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

போனில் முத்திருளாண்டி, "அக்கா, மூடியாச்சு, இருக்கியா? டேங்குல கெடக்கறதை என்ன பண்ணட்டும்?" என்று கத்திக்கொண்டிருந்தான். "பூராத்தையும் பச்சைப்பால் தொட்டிக்குத் திருப்பு. அடைச்ச பாக்கெட்டு எதாச்சும் இருந்தா அதையும் கிழிச்சு ஊத்து" என்றாள். பாவசங்கீர்த்தனம் முடிந்து முழங்காலைத் தூக்கி எழும்போது நெஞ்சில் ஒரு லேசு வருமே, அது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் முகம் அவள் ஆசைப்பட்டபடியே சுருங்கிப்போயிருந்தது, அதைப் பார்க்க இப்போதும் அவளுக்குப் பிடித்திருந்தது.